முதல் மூணு மாச சம்பளம் ஊருக்கு வர வேண்டாம்



விசா வந்த அன்னைக்கே அந்தக் கேள்வியும் வந்துடும். "மாசா மாசம் எவ்வளவுப்பா அனுப்புவே?" அப்பா கேட்க மாட்டார், அம்மா கேட்பாங்க. இல்லைன்னா மாமா கேட்பார். நீங்க டிக்கெட்கூட போட்டிருக்க மாட்டீங்க, அதுக்குள்ள உங்க முதல் சம்பளத்தை ஊர்ல பிரிச்சு முடிச்சிருப்பாங்க. நகையைத் திருப்ப இவ்வளவு, சீட்டுக்கு இவ்வளவு, தங்கச்சி கல்யாணத்துக்கு இவ்வளவு.

இந்த விஷயத்துல என் கருத்து கொஞ்சம் கடுமையானது. வெளிநாடு போன முதல் மூணு மாச சம்பளத்துல ஒரு ரூபாகூட ஊருக்கு அனுப்பாதீங்க. அந்தப் பணம் நீங்க போன நாட்டுலயே, அந்த நாட்டுக் காசாவே, உங்க பேர்ல இருக்கிற அக்கவுண்ட்ல கிடக்கட்டும். நம்ம சேனல்ல இதைச் சொன்னப்போ "அண்ணா, உங்களுக்குக் குடும்பமே இல்லையா?"ன்னு ஒருத்தர் கேட்டார். இருக்கு. அதனாலதான் சொல்றேன்.

எங்க ஊர் காரைக்கால்மேடு. காரைக்கால் டவுனை ஒட்டின மீனவர் ஊர். 2004 டிசம்பர் 26 சுனாமியில அடிபட்டு எழுந்த ஊர். எங்க அப்பாக்கள் தலைமுறை கடலுக்குப் போச்சு. இப்போ டிப்ளமோ, நர்சிங், இன்ஜினியரிங் முடிச்ச பசங்களும் பொண்ணுங்களும் ரெண்டு மூணு வருஷம் சென்னையிலயோ திருச்சியிலயோ வேலை பார்த்துட்டு துபாய், சிங்கப்பூர், பிரான்ஸ்னு கிளம்புறாங்க. கிளம்பும்போது எல்லாரும் கேட்கிறது ஒண்ணுதான்: "அங்க போய் முதல்ல என்ன செய்யணும்?" அதுக்கு நான் சொல்ற பதில்ல பாதி வேலை அங்க இல்லை, இங்க இருக்கு.

கடலுக்குப் போற வீட்டுல பொறந்தவங்களுக்கு நான் சொல்ற கணக்கு புதுசு இல்லை. போட் கிளம்புறதுக்கு முன்னாடி டீசல், ஐஸ், தண்ணி, அரிசி எல்லாம் ஏத்திட்டுத்தான் போவாங்க. முதல் வலையில விழப்போற மீனை நம்பி யாரும் கரையை விட்டுக் கிளம்ப மாட்டாங்க. மீன் வித்த பிறகும் நேரா பங்கு பிரிக்கிறது கிடையாது. செலவைக் கழிச்சிட்டு மிச்சத்தைத்தான் பிரிப்பாங்க. இந்த ஒழுங்கு தெரிஞ்ச அதே வீடு, பையன் துபாய் போனா மட்டும் முழுச் சம்பளத்தையும் கணக்குல எடுத்துக்குது. துபாய்லயும் டீசல் இருக்கு, ஐஸ் இருக்குங்கிறது அங்க இருந்து பார்த்தாத் தெரியுறதில்லை.

ஏன் மூணு மாசம்?

ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். துபாய்ல 4,000 திர்ஹாம் சம்பளம்னு வைங்க. தனி வீடெல்லாம் யோசிக்கவே வேண்டாம், பெட் ஸ்பேஸ்தான். அதுக்கு 900. சாப்பாட்டுக்கு 700. எல்லா ஸோனுக்கும் சேர்த்த மாசப் பயண பாஸ் 350. போன் 100. மொத்தம் 2,050 ஆச்சு. கையில நிக்கிறது 1,950.

இப்போ கேள்வி என்னன்னா, நாளைக்கு அந்தக் கம்பெனி சம்பளத்தை இழுத்தடிச்சா, இல்ல வேலையே போயிட்டா, உங்ககிட்ட எவ்வளவு இருந்தா நிமிர்ந்து நிக்க முடியும்? மூணு மாசச் செலவு 6,150, ஊருக்கு ஒருவழி டிக்கெட்டுக்கு 1,000, ஆக 7,150 திர்ஹாம். மூணு மாசம் மிச்சம் பிடிச்சா 5,850தான் சேரும். அதாவது மூணு மாசம்னு நான் சொன்னதே கம்மி. நாலாவது மாசத்துல இன்னும் 1,300 போட்டாத்தான் கணக்கு முடியுது. உங்க சம்பளத்தையும் வாடகையையும் போட்டு நீங்களே ஒரு தடவை எழுதிப் பாருங்க. நிறைய பேருக்கு ரெண்டு மாசத்துல முடியாது.

"வேலை போனா அங்கேயே இன்ஷூரன்ஸ் இருக்கே?"ன்னு கேட்பீங்க. உண்மைதான், அமீரகத்துல 2023 ஜனவரியில இருந்து வேலையிழப்புக் காப்பீடு கட்டாயம். அடிப்படைச் சம்பளம் 16,000 திர்ஹாம் வரைக்கும் இருந்தா மாசம் 5 திர்ஹாம், அதுக்கு மேல 10 திர்ஹாம். வேலை போனா அடிப்படைச் சம்பளத்துல 60 சதவீதம், அதிகபட்சம் மூணு மாசத்துக்குத் தருவாங்க. ஆனா தொடர்ந்து 12 மாசம் கட்டியிருக்கணும். புதுசா போறவருக்கு எந்த வருஷம் ஆபத்து அதிகமோ, அந்த முதல் வருஷத்துல அந்தக் காப்பீடு கைகொடுக்காது. புரொபேஷன் ஆறு மாசம் வரைக்கும் போகலாம். அந்தக் காலத்துல உங்களுக்கு நீங்கதான் இன்ஷூரன்ஸ் கம்பெனி.

சிங்கப்பூர் கதை வேற மாதிரி. அங்க சம்பளத்துல மாசா மாசம் வருமான வரி பிடிக்க மாட்டாங்க. முழுசா கையில வரும். பார்க்க நல்லா இருக்கும். வரி அடுத்த வருஷம் மொத்தமா வரும். 12 தவணையா கட்ட வசதி இருக்கு, ஆனா வரும். முதல் வருஷம் கையில வந்ததையெல்லாம் ஊருக்கு அனுப்பினவர், தன் பணத்தோட சேர்த்து சிங்கப்பூர் அரசாங்கத்துப் பணத்தையும் அனுப்பியிருக்கார்னு அர்த்தம். அதோட, வேலையை விட்டுக் கிளம்பும்போது வரிக் கணக்கு முடியுற வரைக்கும் கடைசிச் சம்பளத்தைக் கம்பெனி நிறுத்தி வைக்கும். அது சட்டம், கம்பெனி மேல கோவிச்சுக்க முடியாது. எம்ப்ளாய்மென்ட் பாஸ், எஸ் பாஸ் ரத்தானா பொதுவா 30 நாள்தான் தங்க விடுவாங்க. அந்த 30 நாள் சாப்பாடு, வாடகை, அடுத்த வேலை தேடுற அலைச்சல் எல்லாத்துக்கும் கையில இருக்கிற காசுதான். வெளிநாட்டுக்காரங்களுக்கு சி.பி.எஃப்.பும் கிடையாது. நம்ம ஊர் பி.எஃப். மாதிரி எங்கேயோ ஒரு ஓரமா சேருதுன்னு நினைச்சுக்காதீங்க.

நான் பணத்தைப் பத்திப் பேசுற மாதிரி இருக்கும். ஆனா விஷயம் அது இல்லை. கையில காசு இல்லாதவனால "முடியாது"ன்னு சொல்ல முடியாது. ஒப்பந்தத்துல சொன்ன வேலை வேற, அங்க தர்ற வேலை வேற; பாஸ்போர்ட்டை "சேஃப்டிக்கு" கம்பெனியே வச்சுக்குது; விசா செலவைச் சம்பளத்துல பிடிக்குது. அமீரகத்துல இது எதுவும் சட்டப்படி சரியில்லை. வேலைக்கு எடுக்கிற செலவைத் தொழிலாளிகிட்ட வாங்கக்கூடாதுன்னு 2022 பிப்ரவரியில நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டமே சொல்லுது. ஆனா சட்டம் உங்க பக்கம் இருந்தாலும், புகார் கொடுத்துட்டு முடிவு வர்ற வரைக்கும் சாப்பிடணும் இல்லையா? முழுச் சம்பளத்தையும் அனுப்பிட்டவன் புகார் கொடுக்க மாட்டான். பல்லைக் கடிச்சுட்டு இருந்துடுவான். வீட்டுக்கு போன் பண்ணி "நல்லா இருக்கேன்மா"ன்னு சொல்லுவான்.

ஊர்ல முடிக்க வேண்டியது

மூணு மாசம் அனுப்பாம இருக்கணும்னா, அந்த மூணு மாசம் வீடு ஓடணும். அதுக்கான ஏற்பாட்டைப் பண்ணாம "அனுப்ப மாட்டேன்"னு சொன்னா அது திமிர். முன்னாடியே பேசிட்டுச் செஞ்சா அது திட்டம்.

எங்க ஊர்ல வருஷா வருஷம் ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம். 61 நாள். போட் கரையில நிக்கும். அந்த ரெண்டு மாசத்தை ஓட்டத் தெரிஞ்ச வீடுகளுக்கு, "நான் போய் மூணு மாசத்துக்குத் தடைக்காலம்"னு சொன்னா புரியாமலா போகும்? அப்பாகிட்ட இதே வார்த்தையில சொல்லுங்க. பேப்பர்ல எழுதிக் காட்டுங்க. என்னிக்கு முதல் பணம் வரும்னு தேதியைச் சொல்லுங்க. தேதி இல்லாத வாக்குறுதிதான் வீட்டுல சண்டையைக் கிளப்பும்.

அடுத்தது கடன். போறதுக்கு வாங்கின கடன் எந்த வட்டியில இருக்குன்னு பாருங்க. வெளியில மூணு வட்டிக்கு வாங்கியிருந்தா அது வருஷத்துக்கு 36 சதவீதம். 2 லட்சத்துக்கு மூணு மாச வட்டி மட்டும் 18,000 ரூபா. அதே 2 லட்சம் பேங்க்ல நகைக்கடனா, வருஷம் 10 சதவீதம்னு வச்சுக்கிட்டா, மூணு மாசத்துக்கு 5,000 ரூபா. கிளம்புறதுக்கு முன்னாடி மூணு வட்டிக் கடனை நகைக்கடனா மாத்திட்டீங்கன்னா, மூணு மாசம் தள்ளிப்போடுறதுக்கு நீங்க கொடுக்கிற விலை அந்த 5,000 ரூபாதான். ஒரு அந்நிய நாட்டுல தைரியமா நிக்கிறதுக்கு 5,000 ரூபா அதிகமா? என்னைக் கேட்டா இதைவிட மலிவான இன்ஷூரன்ஸ் கிடையாது. அம்மா நகையை வைக்கணுமான்னு சங்கடமா இருக்கும், தெரியும். மூணு வட்டிக்காரர் வாசல்ல வந்து நிக்கிறது அதைவிடச் சங்கடம்.

ஏஜென்ட் விஷயத்துல ஒரே ஒரு வரி. பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபா, அதோட ஜி.எஸ்.டி., அவ்வளவுதான். பதிவு இருக்கான்னு இ-மைக்ரேட் தளத்துலயே பார்த்துக்கலாம். விசிட் விசாவுல போ, அங்க மாத்திக்கலாம்னு சொன்னா எழுந்து வந்துடுங்க. 2022ல தாய்லாந்துல ஐ.டி. வேலைன்னு நம்பிப் போய், மியான்மர் மியாவாடியில மோசடிக் கும்பல்கிட்ட மாட்டின தமிழ்நாட்டுப் பசங்களும் படிச்சவங்கதான். பத்தாவது முடிக்காத தம்பி வளைகுடாவுக்குப் போறதா இருந்தா, அவன் பாஸ்போர்ட்ல இ.சி.ஆர். முத்திரை இருக்கும். குடிபெயர்வு அனுமதி வாங்கணும், கூடவே பிரவாசி பாரதிய பீமா யோஜனா. ரெண்டு வருஷத்துக்கு 275 ரூபா, மூணு வருஷத்துக்கு 375 ரூபா. விபத்துல உயிர் போனாலோ நிரந்தர ஊனமானாலோ 10 லட்சம். இதைத் தவிர்த்துட்டு அனுப்பிவைக்கிறவர் உங்களுக்கு நல்லவர் இல்லை.

கிளம்புற தேதிகூட பணம்தான். வேலைக்காக வெளிநாடு போறவர் அந்த நிதியாண்டுல இந்தியாவுல 182 நாளுக்குக் குறைவா இருந்தா, வருமான வரிக்கு அந்த வருஷமே என்.ஆர்.ஐ. ஏப்ரல் 1ல இருந்து எண்ணினா செப்டம்பர் 28 வரைக்கும் 181 நாள். அதுக்குள்ள கிளம்பிட்டா வெளிநாட்டுச் சம்பளத்துக்கு இங்க வரி இல்லை. அக்டோபர் 10 கிளம்பினா, மார்ச் 31 வரைக்கும் துபாய்ல வாங்கின சம்பளமும் இங்க கணக்குல வரும். துபாய்ல வருமான வரி இல்லைங்கிறதால கழிச்சுக்கவும் ஒண்ணும் இருக்காது. ஜாயினிங் தேதி நம்ம கையில இல்லைதான். ஆனா கம்பெனி "செப்டம்பர் கடைசியா, அக்டோபரா?"ன்னு கேட்டா பதில் தெரிஞ்சிருக்கணும்.

அப்புறம் சிம் கார்டு. சிரிக்காதீங்க. உங்க பேங்க், ஆதார், பி.எஃப்., டீமேட் எல்லாத்துக்கும் ஓ.டி.பி. வர்றது அந்த ஒரு நம்பருக்குத்தான். 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லைன்னா நம்பரை நிறுத்திடலாம்னு விதி. அப்புறம் அது வேற யாருக்கோ போயிடும். ரோமிங் போட்டு, குறைஞ்ச ரீசார்ஜ்ல உயிரோட வச்சிருங்க.

சேவிங்ஸ் அக்கவுண்டை என்.ஆர்.ஓ.வா மாத்தணும். "யாரும் கேட்கலையே, அப்படியே விட்டா என்ன?"ன்னு நிறைய பேர் விட்டுடறாங்க. ஃபெமா சட்டப்படி அது தப்பு. கூடவே ஒரு என்.ஆர்.இ. அக்கவுண்டும் தொடங்க விண்ணப்பம் கொடுத்துடுங்க. எஸ்.ஐ.பி. ஓடிட்டு இருந்தா கே.ஒய்.சி.யை என்.ஆர்.ஐ.ன்னு மாத்தித் தொடரலாம். பி.பி.எஃப். புதுசா ஆரம்பிக்க முடியாது, ஏற்கெனவே இருந்தா 15 வருஷம் முடியுற வரைக்கும் போடலாம். டேர்ம் பாலிசியை விட்டுடாதீங்க. அப்பா அம்மாவுக்கு ஹெல்த் இன்ஷூரன்ஸ் இல்லைன்னா இந்த வரிசையில அதுதான் முதல்ல வரணும், ஏன்னா நீங்க அங்க இருக்கும்போது வர்ற ஒரு ஆஸ்பத்திரிச் செலவு உங்க மூணு மாசத் திட்டத்தையே சாப்பிட்டுடும்.

கையில எவ்வளவு எடுத்துட்டுப் போறது? முதல் சம்பளம் பாதி மாசத்துக்குத்தான் வரும், அதுவும் தாமதமா வரலாம். ஒன்றரை மாசச் செலவு கையோட இருக்கணும். மேலே போட்ட கணக்குக்கு 3,000 திர்ஹாம் பக்கம். கொஞ்சம் நோட்டா, மிச்சம் ஃபாரெக்ஸ் கார்டுல.

பிரான்ஸ் போறவங்களுக்குத் தனியா

காரைக்கால்ல இருந்து போறவங்களுக்கு பிரான்ஸ்னா வெளிநாடுன்னே தோணாது. தெருவுக்கு ஒரு சொல்தா வீடு, பென்ஷன் வர்ற வீடு, பாரிஸ்ல இருந்து லீவுக்கு வர்ற சித்தப்பா. அதுதான் சிக்கல். 1962 ஆகஸ்ட் 16ல ஒப்பந்தம் அமலுக்கு வந்தப்போ, ஆறு மாசத்துக்குள்ள பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்துக்கலாம்னு வாய்ப்பு கொடுத்தாங்க. அப்படித் தேர்ந்தெடுத்த குடும்பத்துப் பிள்ளைங்க குடிமக்களாவே அங்க போய் இறங்கினாங்க. அவங்களுக்கு விசா கிடையாது, தங்கும் அனுமதி கிடையாது, அந்த க்யூவே கிடையாது. சித்தப்பா பாசத்தோட சொல்ற அறிவுரை அவருக்குச் சரி. இந்தியப் பாஸ்போர்ட்டோட போற உங்களுக்கு அது பொருந்தாது.

உங்க பாதை வேற. நீண்ட கால விசாவுல போனா, இறங்கின மூணு மாசத்துக்குள்ள ஆன்லைன்ல அதைச் சரிபார்த்து, கட்டணம் கட்டி உறுதி செய்யணும். மறந்தா நீங்க சட்டப்படி அங்க இல்லாத ஆள். பேங்க் அக்கவுண்ட் திறக்க முகவரிச் சான்று கேட்பாங்க. வீடு எடுக்க பேங்க் அக்கவுண்ட் கேட்பாங்க. கோழியா முட்டையா கதைதான். இங்கதான் சித்தப்பா உண்மையிலேயே உதவுவார். "இவர் என் வீட்டில் தங்கியிருக்கிறார்"னு அவர் எழுதித் தர்ற கடிதம், அவரோட அடையாள அட்டை நகல், கரண்ட் பில். சார்செல்ல ஒரு அறை கிடைச்சா சந்தோஷமாத் தங்குங்க, ஆனா முதல் மாசத்துல இருந்தே செலவுல பங்கு கொடுங்க. உறவு கெடாம இருக்கும். எந்த பேங்கும் அக்கவுண்ட் தரலைன்னா பாங்க் த பிரான்ஸ்கிட்ட முறையிடலாம், ஒரு பேங்க்கை அவங்களே ஒதுக்கித் தருவாங்க.

வீட்டுக்கு அட்வான்ஸ், சாமான் இல்லாத வீடுன்னா ஒரு மாச வாடகை, சாமானோட இருந்தா அதிகபட்சம் ரெண்டு மாசம். சென்னையில பத்து மாசம் கொடுத்துப் பழகினவங்களுக்கு இது சொர்க்கம். ஆனா ஜாமீன் கேட்பாங்க. 30 வயசு வரைக்கும் உள்ளவங்களுக்கு விசால்ங்கிற இலவச ஜாமீன் திட்டம் இருக்கு, வீடு பார்க்கப் போறதுக்கு முன்னாடியே அதை வாங்கி வச்சுக்கங்க. மாசப் பயண பாஸ்ல பாதியைக் கம்பெனி தரணும். கேட்டாத்தான் தருவாங்க.

கார்த் விட்டால்ங்கிற மருத்துவ அட்டைக்கு அப்பா அம்மா பேரோட பிறப்புச் சான்றிதழ் வேணும். அதுல அப்போஸ்டில் குத்தி, அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர்கிட்ட பிரெஞ்சுல மாத்தியிருக்கணும். இதை அங்க போய் ஆரம்பிச்சா ஆறு மாசம் இழுக்கும். நகராட்சியிலயோ கொம்யூன் பஞ்சாயத்துலயோ சான்றிதழ் வாங்குறது சுலபம். மாநில அரசு சரிபார்ப்புக்குத் தலைமைச் செயலகம் இருக்கிறது 130 கிலோமீட்டர் தள்ளி புதுச்சேரியில. காரைக்கால்காரங்களுக்கு இது பழகின வேதனை. லீவு போட்டு முடிச்சுட்டே கிளம்புங்க.

இன்னொண்ணு. இதை யாரும் சொல்றதில்லை. பிரான்ஸ்ல வரி கட்டுறவரா ஆனதும், உங்களுக்கு இந்தியாவுல இருக்கிற ஒவ்வொரு பேங்க் அக்கவுண்டையும் அங்க வருடாந்திர வரிக் கணக்குல காட்டணும். காட்டாத அக்கவுண்ட் ஒண்ணுக்கு 1,500 யூரோ அபராதம். என்.ஆர்.இ. வட்டிக்கு இந்தியாவுல வரி இல்லைங்கிறது உண்மை. ஆனா பிரான்ஸ்ல அது வருமானம்தான். கல்லூரி காலத்துல தொடங்கி 300 ரூபா கிடக்கிற பழைய அக்கவுண்ட் எல்லாத்தையும் கிளம்புறதுக்கு முன்னாடி மூடிடுங்க. அந்த 300 ரூபா 1,500 யூரோவா மாற வாய்ப்பு இருக்கு.

எதிர்க்கேள்விகள்

"வீட்டுல மருந்துச் செலவு இருக்கு, மூணு மாசம் காத்திருக்காது." அனுப்புங்க. மருந்துக்கு 5,000 ரூபான்னா 5,000 ரூபா அனுப்புங்க. அதை ஒரு தொகையா எழுதி வச்சு, உங்க சாப்பாட்டுச் செலவு மாதிரி கணக்குல சேர்த்துடுங்க. நான் வேண்டாம்னு சொல்றது "மிச்சம் எல்லாத்தையும் அனுப்பு"ங்கிற பழக்கத்தைத்தான். ஆனா வீட்டுச் செலவே முழுசா உங்க சம்பளத்துலதான் ஓடுதுன்னா, மூணு மாசச் செலவைச் சேர்த்து வீட்டுல வச்சுட்டு அப்புறம் கிளம்புங்க. ஆறு மாசம் தள்ளிப்போனா குடி முழுகிடாது.

"அங்க சும்மா கிடக்கிற பணத்தை என்.ஆர்.இ. டெபாசிட்ல போட்டா வட்டி வருமே?" வரும். ஆனா ஒரு வருஷத்துக்குள்ள உடைச்சா ஒரு பைசா வட்டி கிடையாது. அவசரப் பணம் எந்த நாட்டுல அவசரம் வருமோ அந்த நாட்டுல, அந்தக் காசுல இருக்கணும். வாடகைக்காரர் ரூபா வாங்க மாட்டார். முதல் மாசமே மியூச்சுவல் ஃபண்ட், கிரிப்டோன்னு சொல்ற வீடியோக்களை எல்லாம் நாலாவது மாசத்துக்கு அப்புறம் பாருங்க. நம்ம சேனல் வீடியோவும் இதுல அடக்கம்.

"பேங்க்காரரே ரூமுக்கு வந்து கிரெடிட் கார்டு தர்றாரே?" துபாய்ல இது சகஜம். புரொபேஷன் முடியுற வரைக்கும் கார்டு, லோன் எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க. வேலை போய், கடன் பாக்கி இருந்து, வழக்காயிட்டா நாட்டை விட்டுக் கிளம்ப முடியாம தடை வர வாய்ப்பு இருக்கு. நம்ம ஊர்ல கடன் இருந்தா போன்ல திட்டுவாங்க. அங்க ஏர்போர்ட்ல நிறுத்துவாங்க.

நாலாவது மாசம்

இப்போ அனுப்புங்க. சொன்ன தேதியில அனுப்புங்க.

உண்டியல்ல அனுப்பாதீங்க. காரைக்கால், நாகூர் பக்கம் உண்டியல்னா தெரியாதவங்க இல்லை. வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பாங்க, ரேட்டும் கூட. ஆனா அது ஃபெமா மீறல். சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூணு மடங்கு வரைக்கும் அபராதம் விதிக்கலாம். அது போகட்டும், பத்து வருஷம் கழிச்சு நீங்க ஊர்ல வீடு வாங்கும்போது "இந்தப் பணம் எங்கிருந்து வந்தது?"ன்னு கேட்டா காட்ட ஒரு துண்டுச்சீட்டுகூட இருக்காது. உழைச்ச பணம் கள்ளப் பணம் மாதிரி நிக்கும்.

நேரா அப்பா அக்கவுண்டுக்கு அனுப்பலாமா? அனுப்பலாம். பிள்ளை அப்பா அம்மாவுக்குக் கொடுக்கிற பணத்துக்கு அவங்க வரி கட்ட வேண்டியதில்லை, எவ்வளவா இருந்தாலும். ஆனா அந்தப் பணத்தை அவர் டெபாசிட் போட்டு வர்ற வட்டி அவர் வருமானம். அதனால வீட்டுச் செலவுக்கு மட்டும் அப்பா அக்கவுண்ட். சேமிப்பு உங்க பேர்ல என்.ஆர்.இ.யில. அவசரத்துக்கு எடுக்க அப்பாவுக்கோ அம்மாவுக்கோ அதுல மேண்டேட் கொடுத்து வைக்கலாம், பேங்க்லயே அதுக்கு ஃபார்ம் இருக்கு. சின்னச் சின்னதா நாலு தடவை அனுப்பாம மாசத்துக்கு ஒரே தடவையா அனுப்புங்க, எக்ஸ்சேஞ்ச்ல கட்டணம் தடவைக்குத்தான் பிடிப்பாங்க.

முதல்ல அடையுறது நகைக்கடன். பாதியா, கால்வாசியான்னு பார்க்காம வர்றதையெல்லாம் அதுலயே போட்டு, அம்மா நகை வீட்டுக்கு வந்த பிறகு சீட்டு, எஸ்.ஐ.பி. பக்கம் போங்க. என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. ரெண்டுக்கும் என்னென்ன பேப்பர் வேணும், வெளிநாட்டு நம்பர்லயே யு.பி.ஐ. எப்படிப் போடுறதுன்னு அடுத்த வீடியோல பார்ப்போம். கிளம்புற தேதி முடிவானவங்க உங்க சம்பளம், வாடகை, கடன் வட்டி மூணையும் எழுதி அனுப்புங்க. உங்க தடைக்காலம் எத்தனை மாசம்னு சேர்ந்தே கணக்குப் போடலாம்.